கு. இளவழகனும் சு. இளவழகனும்

காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்திருப்பேன். தோளில் ஒரு ரெக்சின் பை, நெற்றியில் காலையில் யாரோ அப்பிவிட்ட சந்தனம். அது காய்ந்து, புருவத்தில் உதிர்ந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த மொபெட் ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்றது. ஓட்டி வந்தவர் பின்சீட்டில் வாழையிலைக் கட்டு வைத்திருந்தார்.

"கவுன்சிலரே! என்னங்க நடந்து போறீங்க? கார் எங்க?"

"நான் கவுன்சிலர் இல்லைங்க."

"சரி, வேட்பாளர். ஜெயிச்சா கவுன்சிலர்தானே?"

"வேட்பாளரும் இல்லைங்க. அது வேற இளவழகன். மதியமே டிவியில திருத்தம் சொல்லியாச்சே."

"காலையில நீங்கதானே உங்க பேரச் சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப மதியம் சொன்னது யாரு?"

"அதுவும் நான்தான்."

அவர் காலை ஊன்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜெயிச்சப்புறம் பல்டி அடிக்கிற ஆள நிறையப் பாத்துருக்கேன். நாமினேஷனுக்கு முன்னாடியே அடிச்ச ஆளு நீங்கதான். ஏறுங்க, சத்திரத்துல எறக்கி விடறேன்."

வேண்டாம் என்றேன். சத்திரம் பேருந்து நிலையம் அங்கிருந்து ஒன்றும் தொலைவில்லை. அதைவிட முக்கியம், அவ்வளவு லேசாக நான் நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்த நடையை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அன்று காலை நடந்தது இதுதான். புதிதாகச் செய்தி வாசிக்க வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் இதை எழுதச் சொன்னது உங்கள் ஆசிரியர். அவரும் இந்தக் கதையில் வருவார். தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. என் பெயரைத் தவிர்க்க வழியில்லை. கதையே அதில்தான் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஜீயபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு வாழைத்தோப்பு இருந்தது, அப்பா இறந்ததும் அது கைமாறிப் போனது. லாரியில் கிளீனராக ஏறினேன். ஹூப்ளியில் ஒரு மெஸ்ஸில் இலை எடுத்தேன். சூரத்தில் சாயப்பட்டறை. திருவிழா மைக் செட்டுக்காரரோடு ஊர் ஊராகப் போனபோதுதான் என் தொண்டையில் ஏதோ சரக்கு இருக்கிறது என்று தெரிந்தது. எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. பசித்த நாட்களும் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசித்தது, பிறகு சாப்பிட்டேன்.

என் சித்தப்பா அந்தக் காலமெல்லாம் ஊரிலேயே இருந்து கட்சியில் வளர்ந்தார். மாவட்டச் செயலாளர் ஆனார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் மூன்று மாடிக் கட்டடம் எழுப்பினார். கீழே கட்சி அலுவலகம், நடுவில் வீடு, மொட்டை மாடிக்குக் கீழே உள்ளூர் கேபிள் சேனல். நாற்பது வயதைத் தாண்டி நான் ஊர் திரும்பியபோது என்னை மேல்மாடிக்கு அனுப்பினார்.

"உனக்குத் தெரிஞ்சது கத்தறது ஒண்ணுதான்டா. அத உக்காந்து கத்து" என்றார்.

அப்படித்தான் நான் செய்தி வாசிப்பவன் ஆனேன். அந்த வீட்டில் இருந்துகொண்டு கட்சிப் பதவி இல்லாமல் இருக்க முடியாது. அதனால் ஒரு பதவியும் வந்தது. கூட்ட மேடைகளில் வரவேற்புரை என்னுடையது. யார் பெயருக்குப் பின் யார் பெயர், யாருக்கு 'அண்ணன்', யாருக்கு 'அய்யா' என்பதெல்லாம் மனப்பாடம். வெளியே என்னைச் செய்தியாளர் என்று யாரும் சொன்னதில்லை. 'மாவட்டத்து வீட்டுப் பிள்ளை' என்பார்கள். எனக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கியிருந்தது.

உங்கள் ஆசிரியர் அந்தச் சேனலுக்கு எடிட்டிங் மேசையில் கல்லூரி முடித்த கையோடு வேலைக்கு வந்தார். பாலக்கரையில் வீடு. என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். எனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். சேர்ந்த முதல் வாரமே காமிராவை நிறுத்திவிட்டு, "அண்ணே, அது கொள்ளிடம். நீங்க 'கொல்லிடம்'னு வாசிக்கறீங்க. ஆத்துல தண்ணி வருதுன்னு சொல்ற மாதிரி இல்ல, கொலை நடந்த எடம்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றார். நாக்கை மடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. எட்டாவது வரை படித்தவனிடம் பட்டதாரிப் பெண் பொறுமையாக இருந்தார். நான் கோபித்துக்கொண்ட நாட்களில் டீ வாங்கி வைத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பார்.

இனி இன்னொரு இளவழகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கட்சியில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் ஊருக்குக் கூட்டம் பேச வந்தால், கைக்குழந்தைகளை மேடைக்குக் கொண்டுபோவார்கள். தலைவர் வாங்கிப் பெயர் வைப்பார். நான் பிறந்த வருஷம் திருச்சிக்கு வந்த தலைவர், காலையில் இருந்து ஐந்து ஊரில் பேசிவிட்டு வந்திருந்தாராம். மேடைக்கு முன்னால் தாய்மார்கள் வரிசை. களைப்பில் அவருக்குப் பெயர்கள் தீர்ந்துவிட்டன. என் அம்மா என்னை நீட்டினார், தலைவர் 'இளவழகன்' என்றார். நாலு பேர் தள்ளி நின்ற ஒரு பெண், ஜீயபுரத்தில் வாழைத்தார் சுமக்கும் குப்புசாமியின் மனைவி, தன் குழந்தையை நீட்டினார். அதற்கும் 'இளவழகன்'. மூன்றாவதாக ஒரு குழந்தைக்கும் அதே பெயர் என்பார்கள். அவன் சிங்கப்பூர் போய்விட்டான், எங்கள் கணக்கில் வர மாட்டான்.

என் அப்பா சுப்பையா. அதனால் நான் சு. இளவழகன். அவன் கு. இளவழகன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் குடும்பம் முழுவதும் அந்த ஒரு எழுத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் இருவரும் வளர்ந்து ஒரே கட்சிக்கு வந்தோம், அவன் கீழ்ப்படியில் இருந்து, நான் மேல்மாடியில் இருந்து. ஊரில் அவனைத் 'தார் இளவழகன்' என்பார்கள். பெயிண்ட் வாங்க வசதியில்லாத காலத்தில் தாரைக் காய்ச்சிச் சுவரில் கட்சிச் சின்னம் வரைந்தவன். விரல் இடுக்கில் அந்தக் கறுப்பு இன்று வரை போகவில்லை. பிறகு ஃபிளெக்ஸ் வந்தது, கம்பம் நட்டுக் கட்டினான். ஃபிளெக்ஸில் அவன் படம் ஒரு முறைகூட வந்ததில்லை. அவனுக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. ஒவ்வொரு மாநகராட்சித் தேர்தலிலும் எங்கள் வார்டுக்கு விருப்ப மனு கொடுப்பான். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவருக்குப் போகும், அவருக்காகக் கம்பம் நடுவான்.

என்னைப் 'பங்காளி' என்றுதான் கூப்பிடுவான். "சொத்து பிரிக்க நமக்குள்ள என்ன இருக்கு பங்காளி? பேரு ஒண்ணுதான். அதையும் தலைவரு ஆளுக்குப் பாதியாக் குடுத்துட்டாரு" என்பான்.

அந்த முறையும் மனு கொடுத்திருந்தான். என் பெயரிலும் சித்தப்பா ஒரு மனு கொடுத்திருந்தார். எனக்கு ஆசை இருந்ததா என்றால், இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்தது.

வேட்பாளர் பட்டியல் வந்த நாள் காலை. சென்னையில் தலைமை அலுவலகத்து அறிவிப்புப் பலகையை யாரோ போனில் படம் எடுத்து, அது நாலு கை மாறி வாட்ஸ்அப்பில் எங்களுக்கு வந்தது. சாய்வாக எடுத்த படம். தாளின் மடிப்பு சரியாக எங்கள் வார்டு வரி மேல் ஓடியது. 'இளவழகன்' என்பது நன்றாகத் தெரிந்தது. முன்னால் இருந்த எழுத்து 'சு'வா 'கு'வா என்று தெரியவில்லை. கீழே ஒரு சுழி, மேலே மடிப்பின் நிழல்.

கீழே இருந்து சித்தப்பாவின் குரல் இன்டர்காமில் வந்தது. "லைவ்ல போ. வேற எவனாவது முந்திடப் போறான்."

எடிட்டிங் மேசையில் இருந்து அந்தப் பெண் திரும்பினார். "அண்ணே, நம்ம வார்டு இனிஷியல் தெரியல. ஒரு நிமிஷம் இருங்க, சென்னைக்குப் போன் போட்டுக் கேக்கறேன்."

"நீ கேளும்மா. நான் மத்த வார்டெல்லாம் வாசிச்சுட்டே இருக்கேன். அது மட்டும் விட்டுட்டுப் போறேன்."

"மறந்துடாதீங்க."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

விட்டுவிட வேண்டும் என்ற முடிவோடுதான் காமிரா முன் உட்கார்ந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். வரிசையாக வாசித்தேன். எங்கள் வார்டு எண் வந்தது. வாய் நிற்கவில்லை. 'சு. இளவழகன்' என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டது.

ஏன் தெரியுமா? அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாளுக்கு மூன்று தடவை, 'செய்திகள் வாசித்தது சு. இளவழகன்' என்று சொல்லியே எனக்குப் பழக்கம். அந்த வெளிச்சத்தில், அந்த மைக் முன்னால், 'இளவழகன்' என்ற சொல் கண்ணில் பட்டால் நாக்கு தானாகவே 'சு'வைச் சேர்த்துக்கொள்ளும். அவசரத்தில் நம் நாக்கு புதிய பாதையில் போகாது, தேய்ந்த தடத்தில்தான் போகும். வாசிக்கக் கூடாத வரியை 'விட்டுவிடலாம்' என்று மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பேனாவை எடுத்து அடித்துவிட்டு உட்காருங்கள். எனக்கு அந்த ஒரு கோடு போடத் தோன்றவில்லை.

வாசித்து முடிப்பதற்குள் கீழே பத்தாயிரம் வாலா வெடித்தது. காமிராவே அதிர்ந்தது. ஆட்கள் மாடிப்படி ஏறி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சந்தனம், மாலை, இன்னொரு மாலை. சித்தி பூசணிக்காய் சுற்றினார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். நன்றாக இருந்தது. இலை எடுத்த கைக்கு எல்லோரும் கை கொடுத்தார்கள். தலைமையே என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது, நான் தப்பாக வாசிக்கவில்லை என்று இருபது நிமிஷம் முழுதாக நம்பினேன். பொய்ச் செய்தி கசப்பாக இருந்தால் நாம் நாலு பேரிடம் விசாரிப்போம். இனிப்பாக இருந்தால் ஒருவரிடமும் கேட்க மாட்டோம்.

கூட்டத்துக்குள் புகுந்து அந்தப் பெண் என் பக்கத்தில் வந்தார். முக்காட்டைச் சரி செய்வதுபோல் குனிந்து, போனை என் வயிற்றுக்கு நேரே பிடித்தார். தலைமை அலுவலகமே வெளியிட்ட சுத்தமான பிரதி. மடிப்பும் இல்லை, நிழலும் இல்லை.

"அண்ணே, 'கு'" என்றார்.

சரியாக அப்போதுதான் தார் இளவழகன் வாசலில் நுழைந்தான். கையில் புதுத் துண்டு. கடையில் வாங்கிய மடிப்புகூடக் கலையவில்லை. கூட்டம் வழிவிட்டது. வந்தவன் துண்டை உதறி என் தோளில் போட்டான்.

"யாரு நின்னா என்ன பங்காளி, போஸ்டர்ல நம்ம பேருதானே வரும்" என்று சிரித்தான். "கம்பம் கட்ட எத்தன பேரு வேணும்னு மட்டும் சொல்லு."

எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. துண்டு என் தோளில் இருந்தது. 'நன்றி பங்காளி' என்றேன். பசித்த நாட்களைச் சொல்ல ஒன்றுமில்லை என்று மேலே எழுதினேன். இதைச் சொல்ல இருக்கிறது. அவன் திரும்பி நடந்தபோது, பின்கழுத்தில் வியர்வையோடு ஒட்டியிருந்த பட்டாசுக் காகிதத் துண்டைப் பார்த்தேன். எனக்காக வெடித்தது அவன் மேல் ஒட்டியிருந்தது.

சித்தப்பாவை உள் அறையில் பார்த்தேன். கதவைச் சாத்தினார்.

"தெரியும்" என்றார், நான் வாயைத் திறக்கும் முன்பே. "எனக்கும் லிஸ்ட்டு காப்பி வந்துருச்சு."

"அப்ப..."

"அப்ப என்ன? ஊரே கேட்டாச்சு. வெடி வெடிச்சாச்சு. தலைமைக்கு நான் போன் போட்டு, 'இங்க இப்படி ஆயிப்போச்சுங்க, இப்பப் போயி மாத்திச் சொன்னா கட்சிக்கு அசிங்கம்'னு சொன்னா, டைப்பிங் மிஸ்டேக்குன்னு அவங்களே மாத்திடுவாங்க. ஒரு எழுத்துடா. உடம்பு முடியாம யாரோ தப்பா அடிச்சதா இருந்துட்டுப் போகட்டும்."

"தார் என்னங்க செய்வான்?"

"என்ன செய்வான்? அவனே வந்து துண்டு போட்டுட்டுப் போயிட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி?" சித்தப்பா அலட்டிக்கொள்ளாமல் பேசினார். அவர் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வராது. அரசியலில் நடந்துவிட்ட தவறு என்று ஒன்றில்லை, நடந்துவிட்டது என்பது மட்டும்தான் உண்டு. அது அவருக்குப் பழக்கம். "சாயங்காலம் வரைக்கும் எதுவும் பேசாத. ஒரு மணி செய்தியில இந்தப் பட்டியலே வேணாம். வேற எதாவது வாசி."

"சரிங்க சித்தப்பா" என்றேன்.

சண்டை போடவில்லை. எனக்குச் சண்டை போடத் தெரியாது. பிடிக்காத இடத்தை விட்டுப் போகத்தான் தெரியும். வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன். மேலே ஏறும்போது, பையை எடுத்துக்கொண்டு அப்படியே போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் போய்விட்டால் 'சு' நின்றுவிடும். நான் ஹூப்ளியில் இருந்தாலும் சூரத்தில் இருந்தாலும் அது இங்கே நிற்கும். என் வாயில் இருந்து வந்த எழுத்தை என் வாயால்தான் எடுக்க முடியும். வேறு யார் சொன்னாலும் அது எதிர்ச் செய்திதான் ஆகும், திருத்தம் ஆகாது.

எடிட்டிங் அறையில் மணி பன்னிரண்டே முக்கால்.

"நான் திருத்தம் வாசிக்கப் போறேன்" என்றேன். "நீ கீழ போயிடும்மா. டீ குடிக்கப் போனேன்னு சொல்லிடு. உனக்கு வேலை போயிடும்."

"நான் போயிட்டா மிக்ஸர் யாரு பாப்பா? நீங்களா? போன தடவ நீங்க தொட்டதுக்குச் செய்திக்கு நடுவுல ஜவுளிக்கடை விளம்பரம் ஓடிச்சு." சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தார். "என்னன்னு வாசிப்பீங்க?"

"காலையில் ஒளிபரப்பான செய்தியில் ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறோம்னு ஆரம்பிக்கலாமா?"

"யா அல்லாஹ்! வேணாம்ணே. வருந்துறோம்னதும் மழைக்கா, கரண்ட் கட்டுக்கான்னு சேனல மாத்திடுவாங்க. சரியானத மொதல்ல சொல்லுங்க. அப்பறம் யாரு தப்பா சொன்னதுன்னு சொல்லுங்க. வருத்தம் கடைசியில."

அன்றைக்கு நான் கற்றது அது. வருத்தத்தை முன்னால் வைத்தால் கேட்பவர்கள் நம்மைத்தான் பார்ப்பார்கள், செய்தியைப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு மணிக்கு வாசித்தேன். 'நமது வார்டில் போட்டியிடும் வேட்பாளர், ஜீயபுரம் குப்புசாமியின் மகன் கு. இளவழகன். தார் இளவழகன் என்று நீங்கள் அறிந்தவர். காலையில் சு. இளவழகன் என்று தவறாக வாசித்தது நான். அந்த சு. இளவழகனும் நான்தான். நான் வேட்பாளர் அல்ல. வருந்துகிறேன்.'

பட்டப்பெயரைச் சேர்த்தது நான்தான், எழுதிய தாளில் அது இல்லை. இனி ஒரு எழுத்தை மாற்றி யாரும் எதையும் செய்துவிட முடியாதபடி அது அவனை அந்த வரியோடு ஆணியடித்துவிடும் என்று வாசிக்கும்போதே தோன்றியது.

உடனே இன்னொரு முறை வாசித்தேன். மூன்றாவது முறைக்குள் சித்தப்பாவின் மகன் மூச்சிரைக்க ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினான். அவசரத்தில் ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிட்டான். மூன்றாவது முறையும் வாசித்து முடித்தேன். வியர்வை வழிந்தது, அவ்வளவுதான்.

சித்தப்பா மேலே வரவில்லை. கீழே காரை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னைக்கு நேரில் போய்ப் பார்த்துவிடுவதாகப் பேச்சு. என்னைப் படியில் பார்த்ததும், "உன்ன என்னடா பண்றது?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சாப்புட்டுட்டு எங்கயாவது போயிடு. நான் திரும்பி வரும்போது கண்ணுல படாத."

அவர் சொன்னபடியே செய்தேன். சித்தி சோறு போட்டார். குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு இரண்டு முறை. மோர் ஊற்றும்போதுதான் கேட்டார்: "ஏன்டா, வேணாம்னா மொதல்லயே வேணாம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? பூசணிக்காயாவது மிச்சமாயிருக்கும்."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் தியாகம் எதுவும் செய்யவில்லை. அந்தக் கவுன்சிலர் நாற்காலி எனக்கு என்றுமே வேண்டியிருக்கவில்லை. மேடையில் முப்பது பேரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு உட்காரும் ஒவ்வொரு முறையும் ஏதாவது பெயரை விட்டிருப்பேனோ என்று தூக்கம் கெட்டவன் நான். இனி அது இல்லை. மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். தார் போட்ட துண்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டேன்.

மாம்பழச் சாலை, பாலம், சிந்தாமணி என்று நடந்து சத்திரம் வந்தேன். கதையின் தொடக்கத்தில் மொபெட்காரர் பார்த்தது அந்த நடையைத்தான். இரவு பேருந்து நிலையத்திலேயே ஒரு பெஞ்சில் படுத்தேன். கொசு இருந்தது, தூக்கமும் இருந்தது. மனதில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: சித்தப்பா சென்னைக்குப் போயிருக்கிறார், அவர் போய்ச் சும்மா திரும்பிய சரித்திரம் இல்லை.

காலை ஏழு மணி வாக்கில் போன் அடித்தது.

"பங்காளி, எங்க இருக்க?" தார்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சத்திரத்துல. என்ன ஆச்சு?"

"மாவட்டம் வந்துட்டுப் போறாரு. எங்க வீட்டுக்கு. அவரே."

"என்ன சொன்னாரு?"

"லெட்டரக் குடுத்தாரு. சின்னத்துக்கான லெட்டர். எம் பேருதான் போட்டுருக்கு, கு போட்டு. நல்லாப் பாத்துட்டேன். எம் பொண்டாட்டியையும் பாக்கச் சொன்னேன்." மூக்கை உறிஞ்சினான். "தலைமையில சொல்லிட்டாங்களாம். 'உங்க வீட்டுப் புள்ளையே உங்க டிவியிலயே நான் இல்லன்னு சொல்லிட்டானே, இனிமே நாங்க என்னத்த மாத்துறது'ன்னு. மாவட்டம் அப்படியே எந்தோள்ல கையப் போட்டு போட்டோ எடுத்துக்கிட்டாரு. 'நான் சிபாரிசு பண்ண ஆளு'ன்னு போடச் சொல்லிட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பக்கத்துப் பெஞ்சில் படுத்திருந்தவர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். எத்தனை நேரம் சிரித்தோம் என்று தெரியவில்லை. மார்பில் இருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

"பங்காளி, நீ வந்து ஆட்டோவுல மைக்கப் புடி" என்றான் தார்.

"நான் 'இளவழகனுக்கு ஓட்டுப் போடுங்க'ன்னு கத்துனா எனக்கே கேக்கற மாதிரி இருக்கும்டா. ஊரு நம்பாது. வேற ஆளப் பாரு."

போனை வைத்துவிட்டு டீ குடித்தேன். தலைக்கு மேல் ஒலிபெருக்கியில் யாரோ பேருந்து அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார். நாமக்கல்லையும் மணப்பாறையையும் ஒரே மூச்சில் சொல்லி, நடுவில் இருமினார். அந்த அறையைத் தேடிப் படி ஏறினேன். அறிவிப்பை நடத்துகிறவர் கழுத்தில் மஃப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார்.

"வாசிக்க ஆள் வேணுங்களா?"

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது. பாதி."

"வாசிங்க பாப்போம்" என்று ஒரு சீட்டை நீட்டினார். 'திருவெள்ளறை ராஜாத்தி, உங்கள் கணவர் காத்திருக்கிறார், உடனே வரவும்' என்று இருந்தது. எங்கே வர வேண்டும் என்று இல்லை. சீட்டை எழுதிக் கொடுத்தனுப்பிய கணவர் கீழே படியருகில் நின்றிருந்தார்.

"ஒரு நிமிஷம்ங்க. கேட்டுட்டு வரேன்."

"கேக்க என்ன இருக்கு? வாசிச்சுட்டுப் போங்க!"

அதற்குள் நான் இறங்கிவிட்டேன். அந்தக் கணவர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துறையூர் பஸ் நிக்கிற எடத்துல நிக்கிறேன்னு சொல்லுங்க சார். அப்பறம் ராஜாத்தின்னு சொல்லிடாதீங்க. அது வீட்டுல நான் கூப்புடற பேரு. மைக்ல கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு வரவே மாட்டா. ராஜேஸ்வரின்னு சொல்லுங்க."

மேலே ஏறி, சீட்டில் இருந்த பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, மைக்கின் பொத்தானை அழுத்தினேன்.